கழுவிய ரூபாய்

என்னை நம்பி ஒருவர் கொடுத்த வெள்ளி ரூபாயை, துடைக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தும், நான் கழுவினேன். அதிலிருந்த கறையோடு, இறந்துபோன அவருடைய மனைவியின் கட்டைவிரல் ரேகையும் போயிற்று. அது தெரிந்த பிறகும் உண்மையைச் சொல்லாமல், வேறொரு பெண்ணின் ரேகையை அந்த ரூபாயில் ஏற்றி, அதுதான் பழையது என்று திருப்பிக் கொடுத்தேன். ஆறு வருடம் அவர் அதை நம்பி வைத்திருந்தார்.

நாணயம் சேர்க்கிற இளைஞர்கள் சிலர் இப்போதும் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள்: நிறம் மாறிய வெள்ளிக் காசைக் கழுவலாமா, கூடாதா? ஒரு காலத்தில் இதற்கு என்னிடம் ஒரே வரியில் பதில் இருந்தது. இப்போது பொதுவாக ஏதோ சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவர்களிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். வேலூரில் ரசாயனம் படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. தோலிலிருந்து மயிரை எடுக்க, சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்து ஊறவைப்போம். அதிலிருந்து அழுகிய முட்டை வாடை வரும். அந்தக் காற்று படுகிற இடத்தில் வெள்ளி வெள்ளியாக இருக்காது. முதலில் மஞ்சள் தட்டும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் அட்டைக் கறுப்பு. என் மனைவியின் கொலுசு கல்யாணமான இரண்டாம் மாதமே கறுத்துவிட்டது. "ஆம்பூர்ல கட்டிக் குடுத்தா பொண்ணு வெளுக்கும், கொலுசு கறுக்கும்" என்று அவளுடைய அத்தை ஒருத்தி வரும்போதெல்லாம் கேலி பேசுவாள்.

எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கைகளை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேலூர் பஸ் ஏறுவேன். அப்படியும் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். கறுத்த வெள்ளியைப் பார்த்தால் எனக்கு எங்கள் டேனரியின் வாடைதான் ஞாபகம் வரும். அதனால் நான் சேர்த்த நாணயங்களை வாங்கிய அன்றே கழுவிவிடுவேன். கழுவாமல் ஒன்றுகூட என்னிடம் கிடையாது.

வேலூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாணயம் சேர்ப்பவர்கள் எட்டுப் பத்துப் பேர் கூடுவோம். சிறு பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்து விவாதம் பண்ணுவோம். அதில் இரண்டு கட்சி. கழுவுகிற கட்சிக்கு நான் தலைவர். கழுவாத கட்சிக்குக் காட்பாடியில் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர். ஒல்லியான மனிதர், காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வார்.

"அழுக்கு வேற, நெறம் வேற சார்" என்பார். "மண்ணு ஒட்டியிருந்தா எடுங்க. பச்சை பூத்துச் செம்பைத் தின்னுதுன்னா எடுங்க. வெள்ளியில ஏறுன நெறம் வெளியிலேர்ந்து வந்து ஒட்டிக்கல. அந்த வெள்ளியே மாறிப் போய் நிக்குது. அதை எடுத்தா வெள்ளியையும் சேத்துத்தான் எடுக்கறீங்க."

"அது வெள்ளி சல்பைடு. மாசு. எனக்குத் தெரியும், அந்த சல்பைடுலதான் நான் சம்பளம் வாங்கறேன்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது, அவரும் சிரிப்பார்.

அவர் சொன்னது ரசாயனப்படி சரி என்பது எனக்கு அப்போதே தெரியும். ஒரு பட்டதாரிக்கு அது தெரியாமல் இருக்காது. ஒப்புக்கொள்ள மனமில்லை.

எங்கள் டேனரியில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிற மேஸ்திரி ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கிறிஸ்தவர், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர். மனைவி இறந்து பல வருடம். பிள்ளை இல்லை. வடக்கு ஜன்னல் ஓரமாக நீளமான மேசை போட்டிருக்கும். அதில் தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். "இது முள்ளுக் கீறல். இது உண்ணி கடிச்சது. இது சூடு போட்ட எடம்" என்று சொல்லிக்கொண்டே முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்குவார். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அவர் விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார்.

"சார், நீங்க பழைய காசெல்லாம் சேக்கறீங்களாமே. எங்கிட்ட ஒரு வெள்ளி ரூபா இருக்குது. இன்னா வருசம்னு தெரிய மாட்டேங்குது. பாத்துச் சொல்றீங்களா?"

"கொண்டாங்க மேஸ்திரி. வர்ற ஞாயித்துக்கிழமை வேலூர்ல நாலு பேருக்குக் காட்டியும் கேட்டுட்டு வர்றேன்."

மறுநாள் ஒரு பொடி டப்பாவில் பஞ்சு வைத்து, அதில் ரூபாயை வைத்துக் கொண்டுவந்தார். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, விடாமல் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொடைக்காதீங்க சார். அப்படியே பாருங்க."

"ஏன்?"

"சும்மாதான்."

அவர் முகத்தில் ஒரு கூச்சச் சிரிப்பு. நான் மேலே கேட்கவில்லை. கறுத்த வெள்ளியைத் துடைத்தால் லட்சுமி போய்விடும், யோகம் போய்விடும் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிறிஸ்தவருக்கும் அப்படி ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

லேபில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்து ரூபாய். கிரீடம் வைத்த ராஜா தலை. விளிம்பு முழுக்க மயில் கழுத்து நீலம், அதற்கு உள்ளே ஊதா, நடுவில் தேன் நிறம். ராஜாவின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பழுப்பாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரிந்தது. குறுக்கே ரேகை இல்லாமல் ஒரு மெல்லிய கோடு, எப்போதோ விரலில் வெட்டுப்பட்ட தழும்பு. விரலில் இருந்த வியர்வையும் உப்பும் காய்ந்து, அந்த இடம் மட்டும் வேறு வேகத்தில் நிறம் மாறியிருக்கிறது. எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதி, ரேகை இருக்கும் இடத்தையும் தழும்பின் சாய்வையும் படமாகப் போட்டு வைத்தேன். பக்கத்தில் 'எவனோ கை வைத்துக் கெடுத்தது' என்றும் எழுதினேன். அந்த வருடத்து ரூபாய் அபூர்வமானதும் அல்ல, எங்கும் கிடைக்கும்.

அடுத்த கூட்டத்தில் காட்பாடிக்காரருக்கு முன்னால் வைத்து நிரூபிக்க, கறுத்த வெள்ளிக் காசு ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. என்னுடையது எல்லாம் ஏற்கெனவே கழுவியவை. இது கையில் இருந்தது. மேஸ்திரி பளபளப்பைப் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

டிபன் காரியரின் அலுமினிய மூடியை எடுத்தேன். அதில் கொதிநீர் ஊற்றி, குரோம் பதனிடும்போது சேர்க்கிற சோடாவில் இரண்டு கரண்டியும் ஒரு பிடி உப்பும் போட்டேன். ரூபாயை அலுமினியத்தில் படும்படி வைத்தேன். நுரை வந்தது. சுண்ணாம்புத் தொட்டி வாடை லேசாக அடித்தது. நீலம் முதலில் போயிற்று, பிறகு ஊதா. ரேகை இருந்த இடம் கடைசிவரை நின்று, பிறகு அதுவும் போயிற்று. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே எடுத்தபோது மங்கலான வெள்ளையாக இருந்தது. சாக்பீஸ் பொடி போட்டு மெல்லிய ஆட்டுத்தோலால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடியைக் கழுவி வைத்தேன்.

கூட்டத்தில் கைக்குக் கை போயிற்று. "புதுசா அடிச்ச மாதிரி இருக்குதே" என்றார்கள். காட்பாடிக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருது?" என்று கேட்டார்.

"எங்க மேஸ்திரியுது."

"அவரு கழுவச் சொன்னாரா?"

"இதுக்கெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கணுமா? பாத்தா சந்தோஷப்படப் போறாரு."

அவர் ரூபாயைப் பெஞ்சில் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி எனக்காக வாசலிலேயே நின்றிருந்தார். நான் பேச வாய் எடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"எல்லாரும் பாத்தாங்களா சார்? அந்த ரேகையப் பாத்தாங்களா?"

"எந்த ரேகை?" என்றேன். எந்த ரேகை என்று எனக்குத் தெரியும்.

"ராஜா கன்னத்துல இருக்குதே, அதான். அது எங்க வீட்டுக்காரி வெரலு சார்." சொல்லிவிட்டு சுற்றிலும் பார்த்தார், யாரும் கேட்கிறார்களா என்று. "கல்யாணத்துக்கு அவங்கப்பா குடுத்த ரூபா. ஒரு வருசப் பொறப்பு ஆராதனைக்குக் காணிக்கை போடறேன்னு எடுத்துக்கிட்டு வந்தா. பாட்டு முடியுது, பிரசங்கம் முடியுது, இறுக்கிப் புடிச்சிக்கிட்டே இருக்குறா. காணிக்கைப் பை கிட்ட வந்ததும் மனசு வரல. என் ஜோபியில கைய வுட்டு ஒரு நோட்ட எடுத்துப் போட்டுட்டு, இத முந்தானையில முடிஞ்சிக்கிட்டா. 'ஆண்டவர்கிட்டயே பித்தலாட்டமா'ன்னேன். 'அவருக்கு எந்த ரூபாயா இருந்தா இன்னா'ன்னா. வீட்டுக்கு வந்து அப்படியே பஞ்சுல வெச்சி டப்பாவுல போட்டா. அந்த வருசமே போய்ட்டா. ரொம்ப நாள் நான் தொறக்கவே இல்ல. அப்புறம் தொறந்து பாத்தா, அவ வெரலு நிக்குது. அருவாமனையில அறுத்துக்கிட்டாளே, அந்தத் தழும்போட. போட்டோ ஒண்ணு இருக்குது சார், அதுல கண்ண மூடிக்கிட்டா. இதான் சரியா வந்தது."

ரூபாய் என் சட்டைப் பையில் இருந்தது. பளபளவென்று இருந்தது. அப்போது எனக்கு வருத்தமோ பயமோ தோன்றவில்லை.

"இன்னும் ஒருத்தர் பாக்கணும்னு வாங்கி வெச்சிருக்காரு மேஸ்திரி. வருசம் சரியாத் தெரியல. பத்து நாள்ல கொண்டாறேன்" என்றேன்.

"மெதுவா குடுங்க சார். நல்லா பாக்கட்டும்" என்றார்.

அந்தப் பத்து நாளில் நான் செய்ததை எந்தப் பதற்றத்திலும் செய்யவில்லை. லேபில் ஒரு சோதனை செய்கிற ஒழுங்கோடு செய்தேன். மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் சல்பைடு கரைசல் கொஞ்சம் வைத்து, மேலே ரூபாயைத் தட்டில் வைத்தால் ஒரே நாளில் நிறம் ஏறத் தொடங்குகிறது. விரலை முன்பே பதித்து வைத்தால் ரேகை தெரிகிறது. என் கட்டைவிரல் பெரியது, யார் பார்த்தாலும் ஆண் விரல் என்பார்கள். இரண்டு முறை பதித்துப் பார்த்து இரண்டு முறையும் கழுவினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரலில் ஒரு மெல்லிய நூலைச் சாய்வாகச் சுற்றினேன். நோட்டில் போட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான் சுற்றினேன்.

"இன்னாங்க இது?"

"இந்த ரூபாயில அழுத்து. ராஜா கன்னத்துல."

"நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணவ. எங்கிட்டப் போயி கைநாட்டு வாங்கறீங்களே! வீட்ட எழுதி வாங்கறதுன்னா சொல்லிட்டு வாங்குங்க" என்று சிரித்தாள்.

"லேபுல ஒரு சோதனை."

"உங்க சோதனைக்கு நான்தான் கெடச்சேனா? அழுத்தினது போதுமா, இன்னும் அழுத்தணுமா?"

"போதும்."

ஜாடியில் வைத்து நான்காம் நாள் எடுத்தேன். நீலம், ஊதா, தேன் நிறம், நடுவில் ரேகை, குறுக்கே தழும்பு. நானே ஒரு கணம் நம்பினேன்.

மேஸ்திரி அதை வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார். அந்தக் கைகளை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தோலில் உண்ணிக் கடியைத் தடவியே சொல்கிறவர்.

"நெறம் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுது சார்."

"இத்தனை நாள் டப்பாவுக்குள்ளயே இருந்தது. பத்து நாளா வெளியில இருந்துதில்ல, நம்ம ஊர்க் காத்து" என்றேன்.

"ஆமா, நம்ம ஊர்க் காத்து" என்று தலையை ஆட்டினார். நான் படித்தவன் என்பதால் நம்பினார். பஞ்சில் வைத்து டப்பாவை மூடினார். வருடத்தைச் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தார். தன் மனைவியைப் பற்றி டேனரியில் என் ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறார், அதனால் நெருக்கம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு கேக், கல்கல் பலகாரம் கொண்டுவருவார். என் மனைவி அவரை அண்ணே என்றாள், அவர் அவளைத் தங்கச்சி என்றார். தீபாவளிக்கு அவள் அவருக்கு வேட்டி எடுத்து வைப்பாள். நான் அந்த மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், சிரித்தேன். சாப்பாடு இறங்காமல் இருந்ததில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

வேலூர்க் கூட்டத்துக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். கழுவுகிற கட்சியில்தான் இருந்தேன். என்னுடைய காசுகளைக் கழுவுவதை மட்டும் எப்போதோ நிறுத்திவிட்டேன். காரணம் என்ன என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறு வருடம் கழித்து, எண்பதுகளின் நடுவில், ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானம் அவர் வந்திருந்தபோது சட்டைப் பையிலிருந்து அந்தப் பொடி டப்பாவை எடுத்தார்.

"தங்கச்சி, உங்க அண்ணியப் பாத்தது இல்லியே நீ. வா, பாரு."

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். அவர் கதையை முழுவதும் சொன்னார். காணிக்கைப் பை, நோட்டு, முந்தானை. சொல்லிச் சிரித்தார். "ஒண்ணுதான் எனக்குப் புரியல தங்கச்சி. அவ கை சின்னது. இதுல கொஞ்சம் பெருசா தெரியுது. குடுக்க மனசில்லாம அழுத்திப் புடிச்சிருப்பா போல."

என் மனைவி ரூபாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "காப்பி போட்டுட்டு வர்றேண்ணே" என்று உள்ளே போனாள். காப்பி வர வெகு நேரமாயிற்று.

அவர் போன பிறகு கேட்டாள்.

"அது என் வெரலுதானே?"

நான் காப்பி டம்ளரை எடுத்து நகர்த்தி வைத்தேன்.

"நூல் சுத்துனீங்க. சிரிச்சிக்கிட்டே வெச்சேன் நான். இது மாதிரி வேலைக்குன்னு தெரிஞ்சிருந்தா வெரல வெட்டிக் குடுத்திருப்பேன், அதுவாவது மேலு. போய்ச் சொல்லிடுங்க."

"ஆறு வருசம் ஆயிடுச்சி. அவரு நிம்மதியா இருக்காரு. இப்ப போய்ச் சொன்னா இருக்கறதும் போயிடும்."

"அப்ப அவரு அடுத்த தடவ வந்து தங்கச்சின்னு கூப்புடும்போது நான் எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு சோறு போடறது? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவள் சொன்னதற்காகத்தான் போனேன். தானாகப் போயிருப்பேனா என்று யாராவது கேட்டால், போயிருக்க மாட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்கு வந்திருந்த நேரம். வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. எனக்கு நாற்காலியைத் தட்டிப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் உட்காராமலேயே சொன்னேன். கழுவியது, கூட்டத்தில் காட்டியது, ஜாடி, நூல், விரல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒரு ரிப்போர்ட் படிப்பது போல இருந்தது என் குரல்.

நான் முடித்த பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு வெரலு சார்?"

அதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். "என் வீட்டு அம்மாவுது" என்றேன்.

அதுவரை அசையாமல் இருந்த முகம் அப்போதுதான் மாறியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் வெட்கப்பட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"தெனம் ஜெபம் பண்ணிட்டு அத எடுத்துப் பாப்பேன் சார். சில நாளு பேசுவேன்." வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் திருகினார். "தங்கச்சி வெரல வெச்சிக்கிட்டு... இன்னா சார் இது."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேஸ்திரி. தப்பு என்னுது."

"தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா. நான் எப்படிங்க இனிமே அந்த வீட்டுப் படி ஏறுவேன்?"

என்னிடம் இருக்கிற நாணயங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு மடத்தனம் என்று தெரிந்தது. "எனக்கு இன்னாத்துக்கு சார் ரூபா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் பொடி டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"தங்கச்சிகிட்டக் குடுத்துடுங்க. அவங்களுது."

அதுவரை 'நீ, வா' என்று சொன்னவர் 'அவங்க' என்றார்.

என் மனைவி அதை வாங்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவளே அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கண்ணை நிமிர்த்தி ஒரு தடவைகூட அவளைப் பார்க்கவில்லை என்று வந்து சொன்னாள். அதற்குப் பிறகு எந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவளும் என்னிடம் இதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. வேறு சில விஷயங்களையும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

வேலூர்க் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அதையும் ஒரு பரிகாரமாக நினைத்தேன். முடித்ததும் எங்கள் கட்சிக்காரர் ஒருவர், "எத்தனை நாள் ஜாடியில வெச்சீங்க? கரைசல் எவ்வளவு?" என்று கேட்டார். இன்னொருவர் பென்சிலை எடுத்தார். காட்பாடிக்காரர் அருகில் இருந்தவரிடம், "இன்னா சொல்றாரு?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து போகவில்லை. நாணயங்களை ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன், எவையெவை கழுவியவை என்று சீட்டு எழுதி வைத்து. அந்த ஒரு ரூபாய் மட்டும் பீரோவில் இருக்கிறது. இப்போது முழுக் கறுப்பாகிவிட்டது, ரேகை இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

கழுவலாமா என்று கேட்கிறவர்களுக்கு: மண்ணை எடுங்கள். செம்பைத் தின்கிற பச்சையை எடுங்கள். வெள்ளியின் நிறத்தில் கை வைக்காதீர்கள். அது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மேஸ்திரி ஓய்வு பெறுகிறவரை மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். காலையில் வணக்கம் சொல்வார். தோலைப் பற்றிக் கேட்டால் தோலைப் பற்றிச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு இல்லை, ஒரே ஒரு முறை தவிர.

நான் போய்ச் சொல்லி ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். மத்தியானம் லேபில் தனியாக இருந்தேன். அவர் வாசலில் வந்து நின்றார். அங்கே அவர் வருகிற வழக்கம் இல்லை.

"சார், அன்னிக்கு அத கழுவுனீங்களே. அந்தத் தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியைக் காட்டினேன்.

"இதுல ஊத்துனா எங்க போவுது?"

"பின்னால இருக்கற பெரிய வாய்க்காலுக்கு."

"அங்கேர்ந்து?"

"ஆத்துக்கு."

"நம்ம பாலாத்துக்கா?"

"ஆமா மேஸ்திரி."

உள்ளே வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் ஓட்டைக்குள் இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயை மூடி, சொட்டு நிற்கும்வரை இன்னும் இறுக்கினார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.